மீதி ஒன்று

வோல்ட் பொய் சொல்லும்.
மேகம் மூடிய காலையிலும்
மீட்டரில் முப்பத்தேழு என்று காட்டும்,
வாங்க வந்தவர் முகம் மலரும்.

நான் ஆம்பியரைக் கேட்பவள்.
தெருமுனை ஜெனரேட்டர்காரன் நிதாலிடம்
ஏழு வருடமாய் வாரக்காசு கொடுத்து
இரண்டு ஆம்பியர் வாங்குகிறேன்.
இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும்
படக்கென்று பிரேக்கர் விழும்.
ஒரு சட்டைக் காலர் நிமிர
மூன்று முறை மாடிப்படி இறங்கி ஏறியிருக்கிறேன்.

சர்மதா சந்தையில்
பேனல்களைச் சுவரில் சாய்த்து
அலமாரிப் புத்தகங்கள்போல் அடுக்கியிருந்தார் அபூ திரார்.
"ஜெர்மன் சரக்கு, சகோதரி.
மாட்டுக் கொட்டகைக் கூரைமேல்
பத்து வருடம் சும்மா படுத்திருந்தது."
சும்மா படுத்திருந்ததா,
வேலை பார்த்ததா என்று கேட்டேன்.
டீ கொடுத்தார்.

முதலாவதில் நத்தை ஊர்ந்த தடங்கள்.
கண்ணாடிக்கு அடியில், துடைத்தாலும் போகாத பழுப்புக் கோடுகள்.
உள்ளே எங்கோ கீறல் விட்டிருக்கிறது.
இரண்டாவதின் முதுகில்
ரொட்டி கருகியதுபோல் ஒரு வட்டம்.
மூன்றாவதைக்
கல்யாணப் பெண்போல் துடைத்து வைத்திருந்தார்.
மீட்டரை ஆம்பியருக்குத் திருப்பினேன்.
மூன்று.

"வெயில் வரட்டும்" என்றார்.
வரட்டும் என்றேன்.
காத்திருந்தோம்: நான், தம்பி குதைபா, அவர்,
பழைய டயருக்குள் சுருண்டிருந்த ஒரு பூனை.
மேகத்துக்கு அவசரமில்லை.
டீ இரண்டாவது முறையும் வந்தது.

வெயிலும் வந்தது.
கல்யாணப் பெண் நாலரை.

கடைக்குப் பின்னால், கழிவறைச் சுவரோரம்,
விற்பதற்கு இல்லை என்பதுபோல்
ஒன்று திரும்பி நின்றது.
திருப்பினேன். ஆலங்கட்டி விழுந்து
முகம் முழுக்கச் சிலந்தி வலை.
ஒரு சில்லுகூட உதிரவில்லை.
"அது வேண்டாம். மழை உள்ளே இறங்கும்,
பிறகு என்னைச் சபிப்பாய்."
கம்பியைத் தொட்டேன்.
எட்டு புள்ளி இரண்டு.
கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன்.
எட்டு புள்ளி இரண்டு.

எண்ணைப் பார்த்த அபூ திராரின் முகத்தில்
விலை ஏறிக்கொண்டிருந்தது.
சபிப்பேன் என்றாரே, அதை நினைவூட்டினேன்.
பதினெட்டு டாலருக்கு முடிந்தது,
பத்து மீட்டர் கேபிள் அவர் கணக்கில்.

வண்டியில் ஏற்றக் கவிழ்த்தபோது
அதன் முதுகில் பென்சில் எழுத்து.
38, அதன்கீழ் 47,
ஒரு கோடு, 75.
வைக்கோல் கட்டோ, கன்றுக்குட்டியோ,
யாரோ யாருக்கோ தரவேண்டிய கடனோ.
கூரைமேல் நின்றபடி எழுதினாரோ என்னவோ,
ஐந்தைப் போட்டுவிட்டு
மீதி ஒன்றை மறந்திருக்கிறார்.

குதைபா கோதுமைக் கிடங்கில் கணக்கெழுதியவன்.
கிடங்கு எரிந்து ஒன்பது வருடம்;
காதுக்குப் பின்னால் பென்சில் மட்டும் இன்னும் இருக்கிறது.
வண்டி குலுங்கக் குலுங்க
ஏழை அடித்து எட்டாக்கினான்.
பிறகு ஊர் வரும்வரை
யாரோடோ பேசி முடித்தவன்போல் அமைதியாக வந்தான்.

மொட்டைமாடியில் வைத்து
இரண்டு கை வார்னிஷ் பூசினேன்.
வலையெல்லாம் தேன் நிறமானது,
ஒரு எறும்பு ஒட்டிக்கொண்டது, எடுக்க வரவில்லை.
டிசம்பர் மழையில் என்ன ஆகுமோ,
அதை டிசம்பரில் பார்க்கலாம்.

கீழே பழைய லாரி பேட்டரி, மூலையில் இன்வெர்ட்டர்.
இஸ்திரிப் பெட்டிக்கு இது பத்தாது, தெரியும்.
தையல் மெஷின் மோட்டார் ஓடுகிறது.
அதோடு ஃபேனும் ஓடுவதால்
துணிமேல் ஒரு கை வைத்திருக்க வேண்டியிருக்கிறது.
பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்பது, வியாழனுக்குள்.

வாரக்காசுக்கு நிதால் வந்தான்.
இனி இரவுக்கு மட்டும், ஒன்று போதும் என்றேன்.
நோட்டில் இரண்டை அடித்தான்,
ஒன்று என்று எழுதினான்,
போகாமல் நின்றான்.
அன்னாந்து மாடியைப் பார்த்து
"உடைசலா?" என்றான்.
ஆமாம் என்றேன்,
பெடலிலிருந்து காலை எடுக்காமல்.